கண்ணில் படாத ஆம்பியர்

செப்டம்பர் 11, வியாழன்

ஜனவரியில் கம்பெனி கொடுத்த டைரி. எட்டு மாதம் பீரோவில் கிடந்தது. பி.பி. பார்த்த டாக்டர், "மனசுல ஓடறத எழுதி வெச்சுப் பாருங்க, பாரம் குறையும்" என்றார். எனக்கு மனதில் பாரம் ஒன்றுமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்று நல்ல நாள். எங்கள் புது இன்வெர்ட்டர் கிரைண்டர் கடைகளுக்குக் கிளம்பியது. முதல் தவணை 612 மெஷின்கள். லாரிக்குத் தேங்காய் உடைத்தார்கள். முதலாளி சென்னியப்பன் சார் எல்லோர் முன்னாலும், "இந்த மெஷின் இந்த விலைக்கு வருதுன்னா அது சுகந்தியம்மா போர்டாலதான்" என்றார். மோட்டாரை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டு என் டிசைன். பதினாறு வருடத்தில் அவர் யாரையும் பெயர் சொல்லிப் பாராட்டி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து பாஸ்கரனிடம் சொன்னேன். என் கணவர் கூட்டுறவு வங்கியில் இருக்கிறார். "அப்படி என்ன பண்ணுன?" என்று கேட்டார்.

"மோட்டாருக்கு மூணு ஒயர் போகுது. ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு கரண்ட் போகுதுன்னு போர்டுக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் ஒழுங்கா சுத்த வைக்க முடியும். கல்லு சிக்கிக்கிட்டா நிறுத்த முடியும். மத்தவங்க மூணு ஒயருக்கும் தனித்தனியா அளக்கற உறுப்பு வெக்கறாங்க. நான் மூணும் சேர்ற இடத்துல ஒண்ணே ஒண்ணு வெச்சேன்."

"ஒண்ண வெச்சு மூணை எப்படி அளப்ப?"

"மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வர்ற மெயின் பைப்புல மட்டும் மீட்டர் இருக்குன்னு வைங்க. எந்த வீட்டு வால்வு எப்பத் தெறக்குதுன்னு எனக்குத் தெரியும். தெறக்கறதே நான்தான். அப்ப யாருக்கு எவ்வளவு போச்சுன்னு கணக்குப் போட்டுரலாமில்ல?"

"ரெண்டு வால்வும் ஒரே நேரத்துல தெறந்தா?"

வங்கிக்காரருக்கு இந்தக் கேள்வி எப்படித் தோன்றியதோ. "அதுக்கும் வழி பண்ணியிருக்கேன்" என்றேன்.

செப்டம்பர் 13, சனி

பொள்ளாச்சியில் இருக்கும் தனம் அக்காவுக்கு ஒரு மெஷின் அனுப்பினேன். அத்தான் போன பிறகு அவள் இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் பிழைக்கிறாள். பழைய கிரைண்டரின் சத்தத்தில் கூப்பிட்டால் காது கேட்காது. சாயங்காலம் போன் செய்தாள். "ஏங் கண்ணு, இது ஓடுதா இல்லையான்னே தெரியலையே. கையை வெச்சுப் பாக்க வேண்டியிருக்குது."

அந்தச் சத்தமில்லாமைக்காக நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது. ஜூலையில் மூன்றாவது வெர்ஷன் புரோகிராமில், மெதுவான வேகத்தில் மோட்டார் கீச்சென்று முனகியது. கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். நான்காவது வெர்ஷனில் முனகலை எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

பருப்பு டப்பாக்கள் கழுவினேன். கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டது.

செப்டம்பர் 24, புதன்

ஈரோட்டுக் கடையிலிருந்து ஒரு மெஷின் திரும்பி வந்தது. சோதனைக்கூடத்தில் என் உதவியாளர் ஜெசிந்தா அதைத் திறந்தாள். மூடியைத் தூக்கியதும் வாடை அடித்தது. மோட்டாரின் கம்பிச் சுற்றுக்குப் பூசும் வார்னிஷ் கருகிய வாடை. ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

மோட்டாரின் செம்புக் கம்பிச் சுற்றில் ஒரு பக்கம் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. மற்ற இரண்டு சுற்றும் நன்றாக இருந்தன. போர்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஃப்யூஸ் போகவில்லை.

"போர்டு நல்லாத்தான் இருக்கு" என்றேன். என் குரலில் சந்தோஷம் இருந்ததோ என்னவோ, ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நாலாவது வெர்ஷனுக்கு லாக் டெஸ்ட் எப்பப் போட்டோம்?"

லாக் டெஸ்ட் என்றால், கல்லை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்து மோட்டாரை ஓடவிடுவது. போர்டு இரண்டு நொடியில் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும்.

"ஆகஸ்ட் கடைசியில" என்றேன்.

"ஆகஸ்ட் கடைசியில டெஸ்ட் போடற மேஜை ரிப்பேர்ல இருந்துச்சே."

"அதுக்கு முன்னாடி."

அவள் மறுபடி மோட்டார் பக்கம் குனிந்தாள். ரிப்போர்ட்டில் லாக் டெஸ்ட் 'பாஸ்' என்று இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. அந்த வாரம் எத்தனையோ சோதனைகள். ஒவ்வொன்றும் எந்தத் தேதி என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

செப்டம்பர் 25, வியாழன்

சென்னியப்பன் சார் மெஷினைப் பார்த்துவிட்டு, "வைண்டிங் வார்னிஷ் சரியில்ல. அய்யாவு ஏமாத்திட்டான்" என்றார். அய்யாவு அண்ணன் கணபதி ஏரியாவில் பட்டறை வைத்து எங்கள் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுப்பவர்.

மத்தியானம் சாப்பிடவில்லை. நான்காவது வெர்ஷனைத் திறந்து படித்தேன்.

பாஸ்கரனின் கேள்விதான். இரண்டு வால்வும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறந்தால், ஒற்றை மீட்டரால் பிரித்துப் பார்க்க முடியாது. பார்ப்பதற்குள் இடைவெளி முடிந்துவிடும். மூன்றாவது வெர்ஷனில், இடைவெளி குறையும்போதெல்லாம் புரோகிராம் ஒரு வால்வைக் கொஞ்சம் தள்ளித் திறக்கும். பார்த்துவிடும். அந்தத் தள்ளல்தான் கீச்சென்று முனகியது. மெதுவான வேகத்தில் தள்ளாதே என்று நான்காவதில் எழுதினேன். பார்க்க முடியாத நேரத்தில் கடைசியாகப் பார்த்த அளவையே வைத்துக்கொள் என்றும் எழுதினேன். கல் சுற்றும்போது அது ஒன்றும் செய்யாது. ஒரு கணம் தெரியாது, மறுகணம் தெரிந்துவிடும்.

கல் சுற்றாமல் நின்றுபோனால்? கல் ஒருமுறை சுற்றி வருவதற்குள், இரண்டு வால்வும் சேர்ந்து திறக்கும் இடங்கள் ஆறு இருக்கின்றன. அந்த ஆறில் ஒன்றில் சிக்கி நின்றால் போர்டு பழைய அளவையே பார்த்துக்கொண்டிருக்கும். போதவில்லை என்று இன்னும் கரண்ட் கொடுக்கும். இன்னும் கொடுக்கும்.

இது வெறும் கணக்குதான். நிஜத்தில் அப்படிச் சரியாக அந்த இடத்தில் நிற்க வாய்ப்பு ரொம்பக் குறைவு.

செப்டம்பர் 26, வெள்ளி

அக்காவுக்குப் போன் செய்தேன். "அந்த கிரைண்டரைக் கொஞ்ச நாளைக்குப் போடாத. பிளக்கை எடுத்துரு."

"ஏங் கண்ணு, நல்லாத்தான அரைக்குது?"

"இல்லக்கா, இதைவிட நல்ல மாடல் வருது. மாத்தி அனுப்பறேன். அதுவரைக்கும் பழசுல அரை."

"அதைச் சொல்லு. நான் பயந்துட்டேன்."

அவள் காலையில் உளுந்தைப் போட்டுவிட்டுப் பால் சொசைட்டிக்குப் போய்விடுவாள். திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். போட்டது போட்டபடி வீட்டைப் பூட்டிக்கொண்டு போவாள். அதனால் சொன்னேன். வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஃபேன் துடைத்தேன். ஜன்னல் கம்பி, மிக்ஸி, அடுப்பு மேடை. பாஸ்கரன் ஃபிரிட்ஜைத் திறந்து, "பால் திரிஞ்சிருக்கு, யாரு பிளக்கை எடுத்தது?" என்றார். நான்தான். எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

வீடு முழுக்க வார்னிஷ் வாடை அடிக்கிறது. அவருக்கு அடிக்கவில்லையாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பொரி கொடுத்தார்கள். பூஜை முடிவதற்குள் இரண்டாவது மெஷின் திரும்பி வந்தது, கரூரிலிருந்து. இதில் மோட்டாரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி வழிந்து உறைந்திருந்தது. "புகை வந்தது. வெளியே தூக்கிப் போட்டோம்" என்று கடைக்காரர் சீட்டில் எழுதியிருந்தார்.

அய்யாவு அண்ணனை வரச்சொல்லியிருந்தார்கள். வேட்டியில், நெற்றியில் பூஜைத் திருநீற்றோடு வந்தார். சார் உட்காரச் சொல்லவில்லை.

"என்னய்யா இது?"

அண்ணன் கருகிய சுற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங் சார், பதினோரு வருசமா உங்களுக்குச் சுத்தறேன். அதே கம்பி, அதே வார்னிசு. வார்னிசு கெட்டிருந்தா மூணு சுத்தும் போவுமுங்க. இது ஒண்ணுதான் வெந்திருக்குது."

"அப்ப யாரு மேல தப்பு?"

"எனக்குத் தெரியாதுங்க. மேடத்தைக் கேளுங்க. அவங்க படிச்சவங்க." என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க மேடம். வார்னிசாலதான் இப்படி ஆவுமுங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சந்தனம் உலர்ந்து நெற்றி இழுத்தது.

"வார்னிஷாவும் இருக்கலாம்" என்றேன்.

அவர் அந்தச் சுற்றை மேஜைமேல் வைத்தார். புது ஆர்டர் வேறு பட்டறைக்குப் போகும் என்றார் சார். அண்ணன் பட்டறையில் எட்டுப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். போகும்போது என்னிடம், "பொரி எடுத்துக்கிட்டீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான் கேட்பார்.

'இருக்கலாம்' என்றுதான் சொன்னேன்.

அக்டோபர் 3, வெள்ளி

ஜெசிந்தா இன்று விடுப்பு. சோதனைக்கூடத்தின் கதவைச் சாத்திவிட்டு நானே செய்தேன். ஒரு மெஷினில் கல்லை இறுக்கினேன். ஆறு இடங்களில் ஒன்றைக் கணக்குப் பார்த்து அதில் நிறுத்தினேன். ஒயரில் நிஜமாக ஓடும் கரண்ட்டை அளக்க கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

போர்டு என்ன பார்க்கிறது என்பது கம்ப்யூட்டர் திரையில் தெரியும்: 1.9 ஆம்பியர். ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லாம் சரி.

கிளாம்ப் மீட்டர்: 7.2.

இரண்டு நொடி, பத்து நொடி, முப்பது நொடி. போர்டு நிறுத்தவில்லை. வெளியிலிருந்து மெஷின் இழுக்கும் கரண்ட் சாதாரண அளவுதான். அதனால்தான் எந்த வீட்டிலும் ஃப்யூஸ் போகவில்லை. உள்ளே ஒரே சுற்றுக்குள் அவ்வளவும் ஓடுகிறது. சூடு பார்க்கும் சென்சார் இருப்பது போர்டில், மோட்டாரில் இல்லை. அதையும் நான்தான் மிச்சம் பிடித்தேன்.

நாற்பதாவது நொடியில் அணைத்தேன். இதற்கு ரிப்போர்ட் எழுதவில்லை.

ஐந்தாவது வெர்ஷன் எழுத ஆரம்பித்துவிட்டேன். தள்ளலைத் திரும்பக் கொண்டுவருகிறேன். முனகினால் முனகட்டும்.

அக்டோபர் 6, திங்கள்

ஐந்தாவது வெர்ஷனுக்கு லாக் டெஸ்ட், ஆறு இடங்களிலும். நிஜமாகவே போட்டேன். ஒன்றரை நொடியில் நின்றது. இன்று முதல் தயாராகும் மெஷின்களுக்கெல்லாம் இதுதான். 'சிறு திருத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் படிக்காமல் ஒப்புதல் கொடுத்தார்.

நன்றாகச் சாப்பிட்டேன். வெண்டைக்காய் பொரியல்.

வெளியே போய்விட்ட 612 பற்றி: இரண்டு வந்தாயிற்று. அக்காவுடையது ஓடவில்லை. மீதி 609. அத்தனையும் அந்த ஆறு இடங்களில் போய் நிற்கப்போவதில்லை. கல்லில் அரிசி இறுகி நிற்பதே எப்போதோ ஒருமுறைதான். தீபாவளி முடிந்ததும் சர்வீஸ் ஆட்களை அனுப்பி ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

அக்டோபர் 8, புதன்

காலை எட்டே காலுக்கு அக்காவின் போன். அழுதுகொண்டே பேசியதால் முதலில் ஒன்றும் புரியவில்லை.

எழுத முடியவில்லை. பொள்ளாச்சிக்குக் கிளம்புகிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு ராமாத்தாளுடையது. தென்னை நார் மில்லில் கயிறு திரிப்பவர். ஐம்பத்திரண்டு வயது, தனியாக இருக்கிறார். போன மாதம் அவருடைய கிரைண்டர் கெட்டுப்போனது. 'புது மாடல் வருது' என்று நான் சொன்னதால் அக்கா, "இது சும்மாதான் கெடக்குது, எடுத்துக்கோங்க" என்று என் மெஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கே, வெள்ளிக்கிழமையே. பன்னிரண்டு நாளாக அது அங்கே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நேற்றுக் காலை அரிசியைப் போட்டுவிட்டு ராமாத்தாள் குளிக்கப் போயிருக்கிறார். தண்ணீர் போதாமல் கல் இறுகி நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது சமையலறை முழுக்கப் புகை. மாவு வீணாகக் கூடாது என்று பாத்திரத்தைத் தூக்கப் போயிருக்கிறார். அப்போதுதான் தீப்பிடித்திருக்கிறது. எரியும் பிளாஸ்டிக் உருகி வலது கையில் விழுந்து ஒட்டிக்கொண்டது. முழங்கையிலிருந்து விரல்கள் வரை.

அரசு ஆஸ்பத்திரியில் கையைத் துணி கட்டி உயர்த்தி வைத்திருந்தார்கள். மயக்க மருந்தில் இருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வராந்தாவில் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். "நல்லதுன்னு நெனச்சுக் குடுத்தேன் கண்ணு. என்ற கையாலயே தூக்கிக் குடுத்தேன். நாந்தான அவங்கள இப்படி ஆக்கிட்டேன்?"

அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "நீ என்னக்கா பண்ணுவ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். திரும்பி வரும் பஸ்ஸில் கிணத்துக்கடவு வரை நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

ஆகஸ்ட் 28 பற்றி எழுத வேண்டும். இத்தனை நாள் எழுதவில்லை. அன்று நான்காவது வெர்ஷன் முடிந்தது. சோதனை மேஜை ரிப்பேரில் இருந்தது, சரிசெய்ய நான்கு நாள் ஆகும் என்றார்கள். மறுநாளே ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். மூன்றாவது வெர்ஷனின் லாக் டெஸ்ட் பக்கத்தை அப்படியே எடுத்து, தேதியையும் வெர்ஷன் எண்ணையும் மாற்றி ஒட்டினேன். சின்ன மாற்றம்தானே, முனகலைத்தானே எடுத்தேன் என்று நினைத்தேன். நான் சோதனை போடவில்லை. மறக்கவும் இல்லை. ஜெசிந்தா கேட்ட அன்றும் தெரியும்.

அக்டோபர் 10, வெள்ளி

காலை ஒன்பதரைக்குச் சாரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆகஸ்ட் 28, ஈரோடு, கரூர், போன வெள்ளிக்கிழமை நான் தனியாகப் பார்த்தது, ராமாத்தாள். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"இப்பத்திக்கு உங்களுக்குத்தான் சார்."

"அந்தப் பொள்ளாச்சிக்காரம்மாவுக்கு வேண்டியதைப் பண்ணிரலாம். மத்தது தீபாவளி முடியட்டும். இன்னும் பத்தே நாளு. இப்ப வெளிய சொன்னா கம்பெனி இருக்காது. எரநூறு குடும்பம் சுகந்தி."

நானும் திங்கள்கிழமை இதைத்தான் எழுதினேன், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்.

"சார், ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறம் நீங்க சொல்றபடி."

சோதனைக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். ஜெசிந்தா இருந்தாள். அய்யாவு அண்ணனுக்கும் நான் போன் செய்திருந்தேன். வந்து வாசலோரம் நின்றிருந்தார். அதே மெஷின், அதே இடம். இறுக்கினேன். சுவிட்சைப் போட்டேன். திரையில் 1.9. மீட்டரில் 7.2. இந்தத் தடவை நான் அணைக்கவில்லை.

மூன்றாவது நிமிடத்தில் வாடை. ஆறாவது நிமிடத்தில் மூடியின் இடுக்கில் நூல் மாதிரி புகை. ஒன்பதாவது நிமிடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகிக் குழிந்தது. திரை மட்டும் 1.9 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா தீயணைப்பானை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"போதும்மா" என்றார் சார். "அணை."

அணைத்தேன். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "என்ற பொண்ணு வீட்டுல ஒண்ணு இருக்குது" என்றார், யாரிடமும் இல்லாமல். அங்கேயே போன் செய்து பிளக்கை எடுக்கச் சொன்னார். மகள் எடுத்துவிட்டேன் என்று சொல்லும்வரை போனை வைக்கவில்லை. பிறகு ஜெசிந்தாவிடம், "கடைங்க லிஸ்ட் எடு. எல்லாத்தையும் திருப்பி வாங்கணும்" என்றார்.

கதவருகில் என்னிடம் சொன்னார்: "கடைசி மெஷின் வர்ற வரைக்கும் இருங்க. அதுக்கப்புறம் நீங்க வர வேண்டாம்."

அய்யாவு அண்ணனிடம் போய் நின்றேன். "வார்னிஷ் இல்லைன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும் அண்ணா."

அவர் உருகிய பிளாஸ்டிக்கைப் பார்த்தபடி நின்றார். "ஒம்பது நாளா ராத்திரி பகலா வார்னிசு டின்னை மோந்து பாத்துட்டிருந்தனுங்க. எங்க தப்புப் பண்ணுனேன்னு" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

விடுமுறை இல்லை. பேப்பரில் அறிவிப்பு வந்தது. ஜெசிந்தாவும் நானும் கடை கடையாகப் போன் போடுகிறோம். வாரண்டி அட்டையை முக்கால்வாசிப் பேர் நிரப்பவே இல்லை. இன்று இரவோடு 340 மெஷின்களை நிறுத்தியாயிற்று.

பாஸ்கரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார். அவர் எழுந்து போய், நான் மறுபடியும் எடுத்து வைத்திருந்த ஃபிரிட்ஜ் பிளக்கை மாட்டினார்.

அக்டோபர் 15, புதன்

519. தாராபுரத்தில் ஒன்று, ஓரம் கருகியிருந்தது. வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

மத்தியானம் பொள்ளாச்சி போனேன். ராமாத்தாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டு வேளை வந்து ஊட்டுகிறாளாம்.

"வா கண்ணு" என்றார் ராமாத்தாள். "உங்கக்கா பேச்சுக்குப் பேச்சு உன்னைத்தான் சொல்லும். பெரிய இன்சினீருன்னு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கட்டு போட்ட கையிலிருந்து விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன.

"ஒண்ணு கேக்கறேன், மனசுல வெச்சுக்காத. உங்கக்காளை அதைப் போட வேண்டாம்னு நீ சொன்னியாமா. புதுசு வருதுன்னு சொன்னியாமா. அப்பவே உனக்குத் தெரியுமா?"

அக்கா, "அதெல்லாம் இல்லைங்க, அவளுக்கெப்படி..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்" என்றேன்.

அக்காவின் கை பாதியில் நின்றது. ஸ்பூனிலிருந்து ரசம் சொட்டியது. வார்டில் யாரோ இருமினார்கள்.

"நிச்சயமாத் தெரியாது. சந்தேகம் இருந்துச்சு. எங்கக்காவுக்கு மட்டும் சொன்னேன். அதையும் முழுசாச் சொல்லல."

ராமாத்தாள் தன் கையைப் பார்த்தார். கோபப்படுவார், அழுவார் என்று காத்திருந்தேன். "உங்கக்காளாட்டமே அடுத்த வீட்டுல நானும் ஒருத்தி இருந்தனே" என்றார். அவ்வளவுதான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா பஸ் ஸ்டாண்ட் வரை வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றாள். "எட்டு நாளா நான் பண்ணுன பாவம்னு நெனச்சு அழுதுட்டிருந்தேன் சுகந்தி. நீ என்ற முதுகைத் தடவிக் குடுத்த" என்றாள். கண்ணு என்று சொல்லவில்லை. பெயர் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டு எனக்கு ஞாபகமே இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

603. அய்யாவு அண்ணனுக்குப் பழைய ஆர்டர் திரும்பிப் போனது. அவர் ஒத்துக்கொண்டதாகச் சார் சொன்னார். என்னிடம் பேசவில்லை.

அக்டோபர் 18, சனி

நாளை மறுநாள் தீபாவளி. இன்றும் நாளையும் எல்லா வீட்டிலும் அரைப்பார்கள். மீதி ஒன்பது மெஷின்கள். காலை ஆறரைக்கே ஆபீசுக்கு வந்துவிட்டேன்.

சத்தியமங்கலத்து எண் ஒன்று ஐந்து நாளாக எடுக்கவே இல்லை. ஏழு மணிக்கு எடுத்தார்கள். ஒரு பெண் குரல். பின்னால், கூர்ந்து கேட்டால், கல் உருளும் மெல்லிய சத்தம்.

"அம்மா, கிரைண்டர் ஓடுதுங்களா?"

"ஆமாங்க, உளுந்து போட்டிருக்கேன். யாருங்க?"

"முதல்ல அதை நிறுத்துங்க. பிளக்கையும் எடுத்துருங்க."

"எதுக்குங்க? இன்னும் பத்து நிமிசத்துல ஆயிரும். நீங்க யாரு?"

கம்பெனி எழுதிக் கொடுத்த காகிதம் எதிரில் இருந்தது. தர மேம்பாட்டுக்காக மாற்றித் தருகிறோம் என்று சொல்ல வேண்டும். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"கல்லு சிக்கி நின்னா அந்த மெஷின் தீப்பிடிக்கும். பொள்ளாச்சியில ஒருத்தருக்குக் கை வெந்துருச்சு. அதோட போர்டைச் செஞ்சது நான். தப்பு என்னோடது. தயவுசெஞ்சு இப்பவே போய் நிறுத்துங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பிறகு போனை எதன்மேலோ வைத்தார்கள். காலடிகள். கல் உருண்டுகொண்டே இருந்தது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். இன்னும் உருண்டது.

நின்றது.

"எடுத்துட்டனுங்க" என்றது குரல், மூச்சிரைக்க. "பக்கத்துல கொழந்தை படுத்திருந்துச்சு. ஏனுங்க, நெசமாத்தான் சொல்றீங்களா? உங்க பேரென்ன?"

பெயரைச் சொன்னேன். பட்டியலில் அந்த வரியை அடித்தேன். அடுத்த எண்ணைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.